பழைய தங்கப் பல்லை விற்றால் எவ்வளவு கிடைக்கும்? உரசிப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தங்கம் விலை ஏற ஏற, வீட்டில் இருக்கும் பொட்டுத் தங்கத்தின் மீதும் கண் போகிறது. 2025 ஏப்ரலில் 10 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை முதன்முறையாக 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. அறுந்த சங்கிலி, ஜோடி தொலைந்த தோடு, திருகு இல்லாத மூக்குத்தி எனப் பீரோவுக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வருகிறது. அந்த வரிசையில் யாரும் சட்டென்று வாய்விட்டுச் சொல்லாத ஒரு பொருளும் உண்டு. அதுதான் தங்கப் பல்.

தாத்தா கட்டியிருந்த தங்கப் பல், அப்பத்தாவுக்கு ஆடி விழுந்த கடைவாய்ப் பல்லின் மேல் இருந்த கேப், பல் டாக்டர் புது கேப் போடும்போது கழற்றிக் கொடுத்த பழைய உறை என ஏதோ ஒன்று பல வீடுகளில் பேப்பரில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துக் கிராமங்களிலும் பர்மா, மலேயா, சிலோன் போய் வந்த தலைமுறைக்குத் தங்கப் பல் என்பது வெறும் வைத்தியம் இல்லை. சிரித்தால் தெரிகிற சொத்து.

இப்போது அதை விற்கப் போனால் என்ன ஆகும்? கடைக்காரர் சொல்கிற விலை சரியா, தவறா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த விற்பனையில் சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியாது. வாங்குபவருக்கு ஓரளவு தெரியும். அந்த இடைவெளியில்தான் காசு போகிறது. அதை எப்படிக் குறைப்பது என்று பார்ப்போம்.

தங்க நிறத்தில் இருப்பதெல்லாம் தங்கமா?

இல்லை. முதலில் இதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

பல்லின் மேல் போடும் மஞ்சள் நிற உறைகளில் மூன்று வகை உண்டு. ஒன்று, உண்மையான தங்கக் கலவையை உருக்கி வார்த்தது. இரண்டு, செம்பும் அலுமினியமும் கலந்த, பார்க்கத் தங்கம் போலவே இருக்கும் மலிவான கலவை. மூன்று, சாதாரண உலோக உறையின் மேல் டைட்டானியம் நைட்ரைடு என்ற மஞ்சள் பூச்சு பூசியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தங்கத்தின் மதிப்பு கிடையாது.

தலைகீழாகவும் நடக்கும். வெள்ளையாக, வெள்ளி போலத் தெரியும் பழைய கேப் ஒன்றில் தங்கம், பிளாட்டினம், பல்லேடியம் கலந்திருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து "இது வெறும் தகரம்" என்று குப்பையில் போட்டவர்களும் இருப்பார்கள்.

வெளியே பல் நிறத்தில் செராமிக், உள்ளே உலோகம் என்று இருக்கும் கேப்புகள் பற்றியும் பலர் கேட்பதுண்டு. இந்தியாவில் இவற்றில் பெரும்பாலும் உள்ளே இருப்பது நிக்கல்-குரோமியம் கலவைதான். விற்பனை மதிப்பு எதுவும் இல்லை.

எந்தக் காலத்தில் கட்டிய பல் என்பது ஏன் முக்கியம்?

1971-ல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுக்கும் வரை, உலகச் சந்தையில் தங்கத்துக்கு ஒரு அவுன்ஸ் 35 டாலர் என்ற அதிகாரபூர்வ விலை இருந்தது. அதன் பிறகு விலை வேகமாக ஏறியது. பல் மருத்துவத்திலும் தங்கத்தின் இடத்தை நிக்கல், கோபால்ட், குரோமியம் கலவைகள் பிடிக்கத் தொடங்கின.

அதனால் 1950, 60-களில் கட்டிய தங்கப் பல் உண்மையான தங்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பின்னால், அதிலும் திருவிழாக் கூட்டத்திலோ சாலையோரத்திலோ குறைந்த காசுக்குப் போட்ட மஞ்சள் உறை என்றால் சந்தேகப்படுவது நல்லது. இது உறுதியான விதி இல்லை, ஒரு அடையாளம் மட்டுமே. ஆனாலும் "எப்ப கட்டுனது, எங்க கட்டுனது?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது பயன்படும். சென்னையில் சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய பல் மருத்துவக் குடும்பங்கள் பல தலைமுறையாகத் தொழில் செய்கின்றன. இப்படி மருத்துவரை அடையாளம் சொல்ல முடிந்தால், என்ன உலோகம் போட்டார்கள் என்ற யூகத்துக்கு ஒரு பிடி கிடைக்கும்.

பல் தங்கம் எத்தனை கேரட்?

24 கேரட் சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும். முறுக்கு கடிக்கிற வாய்க்கு அது தாங்காது. எனவே வெள்ளி, செம்பு, பிளாட்டினம், பல்லேடியம் போன்றவற்றைச் சேர்த்துக் கடினமாக்குவார்கள்.

பல்லுக்குள் அடைக்கப் பயன்படும் மென்மையான வகையில் 80 சதவீதத்துக்கு மேல் தங்கம் இருக்கும். கேப், பிரிட்ஜ் செய்யும் கடினமான வகையில் அது 65, 70, 75 சதவீதம் என்று இறங்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில், உயர்தரக் கலவை என்று சொல்லப்படுவதற்கே 40 சதவீதம் தங்கம் இருந்தால் போதும். தங்கம், பிளாட்டினம் இன உலோகங்கள் எல்லாம் சேர்ந்து 60 சதவீதம் வர வேண்டும், அவ்வளவுதான்.

நகையோடு ஒப்பிட்டால் புரியும். 22 கேரட் நகையில் 91.6 சதவீதம் தங்கம். 18 கேரட்டில் 75. 14 கேரட்டில் 58.5. நல்ல தங்கப் பல் என்பது பெரும்பாலும் 14-க்கும் 18-க்கும் இடையில் வரும் சரக்கு. "தங்கப் பல்லுன்னா பத்தரை மாத்து" என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனால், சரியான விலை சொன்னாலும் ஏமாற்றுவது போலத்தான் தோன்றும்.

ஹால்மார்க் முத்திரை ஏன் இல்லை?

இந்தியாவில் 2021 ஜூன் முதல் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல், எண்ணும் எழுத்தும் கலந்த 6 இலக்க எச்யுஐடி அடையாளம் உள்ள ஹால்மார்க் நகைகளை மட்டுமே கடைகள் விற்கலாம். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் தரம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த ஆணையிலேயே சில விலக்குகள் உண்டு. 2 கிராமுக்குக் குறைவான பொருள், ஜரிகை, தங்கக் கட்டி ஆகியவற்றோடு, மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் பயன்படும் தங்கப் பொருட்களுக்கும் ஹால்மார்க் தேவையில்லை. அதாவது தங்கப் பல்லில் முத்திரை இருக்காது, இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

எனவே "முத்திரை இல்ல, அதனால பாதி விலைதான்" என்று யாராவது சொன்னால் அது சரியான காரணம் இல்லை. முத்திரை இல்லாததால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் சரி. விலையைத் தீர்மானிப்பது சோதனையின் முடிவு.

கடையில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பல் விஷயத்தில் தனித்தனிக் குறை உண்டு.

முதலாவது உரைகல். கருங்கல்லில் பொருளை உரசி, பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத்தையும் உரசி, அமிலம் விட்டு நிறத்தை ஒப்பிடுவார்கள். அனுபவமுள்ள ஆசாரி கண்ணிலேயே மாற்று சொல்லிவிடுவார். ஆனால் இது நிறத்தை நம்பும் சோதனை. செம்பும் வெள்ளியும் கலந்த நகைத் தங்கத்துக்குப் பழகிய கண்ணுக்கு, பல்லேடியம் கலந்த வெளிறிய பல் தங்கம் உண்மையைவிடக் குறைந்த தரமாகத் தெரியலாம்.

இரண்டாவது எக்ஸ்ரே மெஷின். கடைகளில் கேரட் மீட்டர் என்பார்கள். பொருளை உள்ளே வைத்தால் ஓரிரு நிமிடத்தில் தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று திரையில் வரும். தொழிலில் இந்தச் சதவீதத்தை "டச்" என்று சொல்கிறார்கள். 66.5 டச் என்றால் 66.5 சதவீதம் தங்கம். பொருளைச் சேதப்படுத்தாத சோதனை என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் இது பார்ப்பது மேல்பரப்பை மட்டும்தான். முலாம் பூசியிருந்தால் ஏமாறும். சிமெண்ட், பல் துண்டு ஒட்டியிருந்தால் தவறாகக் காட்டும். எனவே சுத்தம் செய்துவிட்டு, உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உருக்கிப் பார்க்கும் முறை. கொஞ்சம் சுரண்டி எடுத்து, ஈயத்தோடு சேர்த்து அதிக வெப்பத்தில் வைத்து மற்ற உலோகங்களைப் பிரித்து, மிஞ்சும் சுத்தத் தங்கத்தை எடை போடுவார்கள். மூன்றில் துல்லியமானது இதுதான். ஆனால் ஒன்றிரண்டு கிராம் பல்லுக்கு இதைச் செய்வது செலவுக்குக் கட்டுப்படியாகாது. நாலைந்து பல், பெரிய பிரிட்ஜ் என்று இருந்தால் யோசிக்கலாம்.

வீட்டில் காந்தம் வைத்துப் பார்ப்பது பலரும் செய்வது. காந்தத்தில் ஒட்டினால் தங்கம் இல்லை என்று சொல்லலாம். ஒட்டவில்லை என்றால் தங்கம் என்று சொல்ல முடியாது. நிக்கல்-குரோமியம் கேப்பும் பெரும்பாலும் ஒட்டாது.

சரி, எவ்வளவு கிடைக்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க, 1 கிராம் சுத்தத் தங்கம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்கும் நாளின் உண்மையான விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பல்லோடும் சிமெண்டோடும் ஒரு கேப்பின் எடை 2.4 கிராம். உள்ளே இருக்கும் பல்லையும் சிமெண்டையும் எடுத்தபின் உலோகம் மட்டும் 2 கிராம். மெஷினில் 65 டச் வருகிறது. அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 2 × 0.65 = 1.3 கிராம். மதிப்பு 13,000 ரூபாய்.

வீட்டில் போட்ட கணக்கு எப்படி இருந்திருக்கும்? "2.4 கிராம் இருக்கு, 22 கேரட் விலையில குடுத்தா 22,000 வரும்." எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையில் 9,000 ரூபாய். இதில் யாருமே ஏமாற்றவில்லை.

ஏமாற்று நடந்தால் அது வேறு இடத்தில் நடக்கும். 65 டச் சரக்கை "14 கேரட்தான் வரும்" என்று 58.5-ல் போட்டால் சுத்தத் தங்கம் 1.17 கிராம். மதிப்பு 11,700. அங்கேயே 1,300 ரூபாய் போய்விட்டது. அதன் மேல் "உருக்குச் சேதாரம்" என்று 10 சதவீதம் கழித்தால் கையில் வருவது 10,530.

கடைக்கும் செலவு உண்டு. இந்தக் கலவையை அப்படியே நகையாக்க முடியாது. சுத்தம் செய்து 24 கேரட்டாக்க வேண்டும். அதற்குக் கூலி, நேரம், இழப்பு எல்லாம் இருக்கிறது. எனவே ஓரளவு கழிப்பது நியாயம்தான். ஆனால் அதை ஒரே ஒருமுறை, எத்தனை சதவீதம் என்று சொல்லிக் கழிக்க வேண்டும். எடையிலும் கழித்து, டச்சிலும் குறைத்து, கடைசியில் சேதாரமும் போட்டால் மூன்று முறை கழித்ததாக ஆகிறது.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: உலோக எடை எவ்வளவு? டச் எவ்வளவு? கழிவு எத்தனை சதவீதம்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னால், அடுத்த கடையில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பிளாட்டினமும் பல்லேடியமும் இருந்தால்? உள்ளூர் நகைக்கடையில் பெரும்பாலும் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவார்கள். அந்த உலோகங்களைத் தனியாகப் பிரிக்கும் வசதி பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில்தான் உண்டு. ஒரு பல்லுக்காக அங்கே போக முடியாது என்பதுதான் நிலைமை.

மதுரையில் எங்கே போவது?

மதுரையில் நகை வாங்கவும் விற்கவும் சுற்றுவட்டார மக்கள் முதலில் போகும் இடம், மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றான தெற்காவணி மூல வீதி. பெரிய நகைக்கடைகள், சின்னப் பட்டறைகள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. தங்கம் உருக்கும் தொழிலில், தமிழக நகரங்கள் பலவற்றிலும் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன.

பெரிய கடைகள் சில தங்கள் கடையில் வாங்கிய நகையை மட்டுமே திரும்ப எடுப்பார்கள். பல் என்றால் "நாங்க எடுக்கிறதில்லைம்மா" என்று சொல்வதும் உண்டு. சின்னக் கடைகளும் பழைய தங்கம் வாங்குபவர்களும் எடுப்பார்கள். ஆனால் ஒரே கடையில் முடித்துவிடாமல், இரண்டு மூன்று கடையில் விலை கேட்பதுதான் பாதுகாப்பு.

பேச்சு பொதுவாக இப்படித்தான் போகும்.

"அண்ணே, எங்க அப்பத்தாவோட பல்லு இது. என்ன விலைக்குப் போகும்?"

"விடுங்கம்மா, இதுல என்ன வந்துரப் போகுது. ஆறாயிரம் தாரேன்."

"டச் எவ்வளவுண்ணே வருது? மெஷின்ல வச்சுச் சொல்லுங்க. அப்புறம் விலையைப் பேசிக்கிருவோம்."

இந்த மூன்றாவது வரிதான் முக்கியம். டச் தெரியாமல் சொல்லும் மொத்த விலையை ஏற்றுக்கொள்ளவே கூடாது.

கடைக்குப் போகும் முன்பே தரத்தைத் தெரிந்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில், முத்திரை இல்லாத பழைய நகையைப் பொதுமக்களே கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். 4 நகைகள் வரை 200 ரூபாய், 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒவ்வொன்றுக்கும் 45 ரூபாய் என்று பிஐஎஸ் கட்டணம் அறிவித்தது. இது நகைக்கான ஏற்பாடு என்பதால், பல்லைச் சோதித்துத் தருவார்களா என்று மையத்தில் முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல் பிஐஎஸ் இணையதளத்தில் இருக்கிறது.

இன்னொன்று, சோதிக்கும் முன் உருக்க விடக் கூடாது. "உருக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் உருக்கிய பிறகு, எடை குறைந்தாலும் கேட்க முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. உருக்கியே ஆக வேண்டும் என்றால் கண் முன்னால் நடக்க வேண்டும். உருக்கும் முன் ஒரு எடை, பின் ஒரு எடை. தராசு மில்லிகிராம் வரை காட்டுவதாக இருக்க வேண்டும்.

அடகு வைக்க முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் தருவது நகைகளுக்கும், குறிப்பிட்ட வகை நாணயங்களுக்கும்தான். தங்கக் கட்டிக்குக் கடன் தர ரிசர்வ் வங்கி விதிகளில் இடமில்லை. பல்லை உருக்கிக் கட்டியாக்கி வைத்தாலும் அது நகைக் கடனுக்கு உதவாது.

ஜிஎஸ்டி கழிப்பார்களா? ரொக்கமாகத் தருவார்களா?

சொந்தப் பழைய தங்கத்தை நகைக்கடைக்கு விற்கும் தனிநபர் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. 2017 ஜூலையில் மத்திய நிதி அமைச்சகம் இதைத் தெளிவுபடுத்தியது. "ஜிஎஸ்டிக்கு 3 பர்சன்ட் கழிச்சுக்கிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பழையதைக் கொடுத்துவிட்டுப் புது நகை வாங்கினால், அந்தப் புது நகைக்கு உரிய வரி தனி.

ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்டுவதில் கடைக்குச் சிக்கல் உண்டு. எனவே அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் போடுகிறேன் என்பார்கள். அது விற்பவருக்கும் நல்லதுதான். பதிவு இருக்கும்.

ஆதார் கேட்டால் கோபப்பட வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் குற்றம். தங்கப் பல்லைக் கொண்டுவந்து நீட்டினால் "இது யாருது?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். பல் டாக்டர் கழற்றியது என்றால், எந்தத் தேதியில் எந்தப் பல்லின் உறை எடுக்கப்பட்டது என்று அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டிலேயே உருக்கலாமா?

கூடவே கூடாது. இது காசு சம்பந்தப்பட்ட எச்சரிக்கை இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய பற்களில் வெள்ளி நிறத்தில் அடைத்திருக்கும் அமால்கம் என்ற கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம். தங்கக் கேப்புக்கு அடியில் இந்த அடைப்பு இருப்பது சகஜம். அதோடு சேர்த்துக் கேஸ் அடுப்பிலோ ஊதுகுழாயிலோ சூடாக்கினால் பாதரச ஆவி வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் அதைச் சுவாசித்தால் நுரையீரல், நரம்பு மண்டலம், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படும். பட்டறையில் வேலை பார்க்கும் ஆசாரிக்கும் இதே ஆபத்துதான். எனவே வெள்ளை அடைப்பு ஒட்டியிருந்தால் அதை மறைக்காமல் கடையில் சொல்லிவிட வேண்டும்.

சில நிக்கல் கலவைகளில் பெரிலியம் இருக்கும். அரத்தில் ராவினால் வரும் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பல் துண்டை உடைத்து உலோகத்தைப் பிரிக்க வேண்டுமானால், கேப்பைக் கழற்றிய பல் மருத்துவரிடமே கேட்டுச் சுத்தம் செய்து வாங்குவதுதான் எளிது.

வாயில் இருக்கும் தங்கப் பல்லைக் கழற்றி விற்கலாமா?

விலை ஏறும்போது இந்த யோசனையும் வரும். மேலே போட்ட கணக்கைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். 10,000, 12,000 ரூபாய்க்காக நன்றாக இருக்கும் கேப்பைக் கழற்றினால், அடியில் இருக்கும் செதுக்கிய பல் வெளியே தெரியும். அதற்கு மீண்டும் கேப் போட வேண்டும். தேவைப்பட்டால் வேர் சிகிச்சையும் செய்ய வேண்டும். வந்த காசு அங்கேயே போய்விடும். நன்றாகப் பொருந்திய தங்கக் கேப் பல பத்து ஆண்டுகள் உழைக்கக் கூடியது. எதிர்ப் பல்லையும் அதிகம் தேய்க்காது.

மருத்துவக் காரணத்துக்காகக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், சிகிச்சைக்கு முன்பே "டாக்டர், பழைய கேப்பை எனக்குக் குடுத்துருங்க" என்று சொல்லி வைக்க வேண்டும். சிகிச்சை முடிந்தபின் கேட்டால் அது குப்பைக் கூடைக்குப் போயிருக்கலாம்.

இறந்தவரின் தங்கப் பல் யாருக்குச் சொந்தம்?

வீடுகளில் மெதுவான குரலில் பேசப்படும் கேள்வி இது. தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். பல்லை என்ன செய்வது?

இறந்தவரின் உடைமைகள் வாரிசுகளுக்குப் போகும். ஆனால் பல் உடம்போடு இருக்கும் வரை அது உடலின் பகுதி. துக்க வீட்டில் யாரோ ஒருவர் குறடு எடுத்து வந்து பிடுங்குவது குடும்பத்துக்குள் ஆறாத மனக்கசப்பை உண்டாக்கும். சட்டத்திலும் இதற்கு எல்லை உண்டு. மயானத்தில் இறந்த உடலை அவமதிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 301-வது பிரிவின் கீழும், இறந்தவரிடம் இருந்த பொருளை நேர்மையற்று எடுத்துக்கொள்வது 315-வது பிரிவின் கீழும் வருகின்றன. பல் வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்தால், எல்லோருடைய சம்மதத்தோடு, மருத்துவர் உதவியோடு செய்வதுதான் முறை.

எரித்த பிறகு என்ன ஆகும்? சுத்தத் தங்கம் உருகும் வெப்பநிலை 1,064 டிகிரி செல்சியஸ். செம்பும் வெள்ளியும் கலந்த தங்கம் அதற்கும் குறைவிலேயே உருகும். எனவே சிதையின் வெப்பத்தைப் பொறுத்து, தங்கப் பல் உருகி உருண்டையாகிச் சாம்பலோடு கலந்துவிடலாம், வடிவம் சிதைந்து கிடக்கவும் செய்யலாம்.

இந்தச் சாம்பல் தங்கம் யாருடையது என்று வெளிநாடுகளில் வழக்கே நடந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தகன மையத்தில் வேலை பார்த்தவர் சாம்பலில் இருந்து பல் தங்கத்தை எடுத்து விற்றார். இரண்டரை லட்சம் யூரோவுக்கும் அதிகமான தொகையை நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று அந்நாட்டின் தொழிலாளர் உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஜப்பானில் யோகோஹாமா, நகோயா போன்ற மாநகராட்சிகள் தகன மையச் சாம்பலில் மிஞ்சும் உலோகங்களை விற்று, வருமானத்தைப் பொதுக் கணக்கில் சேர்க்கின்றன. ஒரு பல்லில் இருக்கும் தங்கம் சின்னதுதான். ஆனால் கேட்காமல் எடுப்பதை எந்த ஊரிலும் சின்ன விஷயமாகப் பார்ப்பதில்லை.

நம் ஊர் வழக்கத்தில் மறுநாள் எலும்பு பொறுக்கிச் சாம்பலை ஆற்றில் கரைக்கும்போது, தங்கம் தெரிந்தால் எடுத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு, "அது அவுகளோடயே போகட்டும்" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. அது அவரவர் முடிவு. அந்த முடிவை எடுக்கும்போது, அதன் விலை ஒரு பவுன் இல்லை, ஒரு கிராமுக்குச் சற்று முன்பின் சுத்தத் தங்கம்தான் என்று தெரிந்திருப்பது நல்லது. அதற்காக அண்ணன் தம்பி சண்டை போட வேண்டியதில்லை.

விற்கப் போகும் முன் ஒரு முறை சரிபார்க்க

• மஞ்சளாக இருப்பதால் தங்கம் என்றோ, வெள்ளையாக இருப்பதால் வீண் என்றோ முடிவு செய்ய வேண்டாம்.

• பல் துண்டு, சிமெண்ட் நீக்கியபின் உலோக எடையைக் குறித்துக்கொள்ளவும்.

• மெஷினில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து டச் பார்க்கச் சொல்லவும்.

• அன்றைய 24 கேரட் விலை × உலோக எடை × டச் ÷ 100. இதுதான் மதிப்பு. கழிவு இதில் ஒரு முறை மட்டும்.

• குறைந்தது இரண்டு கடை. சோதிக்கும் முன் உருக்கக் கூடாது. ரசீது வாங்காமல் வரக் கூடாது.

• அமால்கம் அடைப்பு ஒட்டியிருந்தால் நெருப்பு காட்டவே கூடாது.

இவ்வளவும் செய்து, "இம்புட்டுத்தானா?" என்று தோன்றினால் அதிலும் தவறில்லை. விற்றே ஆக வேண்டிய நெருக்கடி இல்லாவிட்டால், பேப்பரில் மடித்தபடியே திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துவிடலாம். எடையும் டச்சும் எழுதிய தாளை மட்டும் அதோடு சேர்த்து மடித்து வைக்க வேண்டும். அடுத்து எப்போது விற்றாலும், யார் விற்றாலும், அந்தத் தாளில் இருந்து பேச்சைத் தொடங்கலாம்.